அந்தரத்தில் இருநூறு கிலோ: பாய்மரப் படகில் கண்டம் தாண்டும் மோட்டார் சைக்கிள்

கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடும் மாதங்களில், பாலம் தொலைவாக இருக்கும் கரையோர ஊர்களில் பைக்கைப் படகில் ஏற்றித்தான் அக்கரை போவார்கள். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகை. முன்னால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, பின்னால் இருவர் தள்ள, வண்டி ஏறும். ஏறியதும் படகு ஒரு பக்கம் சாயும். "அண்ணே, ஓரமா நிறுத்தாதீங்க, நடுவுல கொண்டாங்க" என்று படகுக்காரர் குரல் கொடுப்பார். ஆற்றுக்கு இவ்வளவு போதும். இதே காரியத்தைக் கடலில், பாய்மரப் படகில் செய்து ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் ஒரு சாலை. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் உஷுவாயா வரை பைக்கிலேயே போய்விட வேண்டும் என்பது நெடும்பயணம் போகிறவர்கள் பலருடைய ஆசை. சுமார் 30,000 கி.மீ. நீளும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை பனாமாவின் யாவிசா என்ற ஊரோடு நின்றுபோகிறது. கொலம்பியாவில் அது மறுபடி தொடங்குவதற்குள் சுமார் 100 கி.மீ. தூரத்துக்கு அடர்ந்த மழைக்காடும் அட்ராட்டோ ஆற்றின் சதுப்பும்தான். டேரியன் இடைவெளி என்று இதற்குப் பெயர். வண்டியை விமானத்தில் அனுப்பலாம், கன்டெய்னரில் போட்டு அனுப்பலாம். ஆனால் வண்டியோடு தானும் போக நினைப்பவர்கள், பனாமாவின் குனா யாலா தீவுகளை ஒட்டிய கார்ட்டி பக்கத்திலிருந்து கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்துக்குப் பாய்மரத்தில் கடந்திருக்கிறார்கள். 1903இல் கட்டப்பட்ட ஸ்டால்ராட்டே என்ற கப்பல் பல ஆண்டுகள் இந்த வழியில் பைக்குகளை வரிசையாக மேல்தளத்தில் கட்டி ஏற்றிச் சென்றது. யாட் எனப்படும் சிறிய பாய்மரப் படகுகளில் இரண்டு மூன்று வண்டிகள்தான் பிடிக்கும்.

சவாரிக்கானதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவது காவிரி முகத்துவாரத்துக்குப் பழைய சங்கதி. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களை அடுக்கும் பட்டினப்பாலை, முதலில் சொல்வதே 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி'யைத்தான். குதிரையானாலும் பைக்கானாலும் கப்பலுக்கு அது ஒரு கனம். அந்தக் கனம் எங்கே இருக்கிறது, நகருகிறதா, இல்லையா என்பதுதான் மாலுமியின் கவலை. பாயையும் காற்றையும் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தப் பயணத்தில் உண்மையிலேயே ஆபத்தான நேரம், படகு இன்னும் கரையை விட்டு நகராத அந்தச் சில நிமிடங்கள்தான் என்பேன்.

பாய்மரப் படகு ஏன் கவிழாமல் நிற்கிறது? தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் கனம் வைத்திருப்பதால் நிமிர்ந்துவிடும். கடலோடும் யாட்டுகளின் அடிக்கட்டையில் ஈயத்தையோ இரும்பையோ நிறைத்திருப்பார்கள். பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே இருக்கும். இதோடு, சாய்ந்த பக்கத்து உடல் கூடுதலாக நீருக்குள் இறங்குவதால், மேலே தள்ளும் மிதப்பு விசையும் அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. இந்த நிமிரும் திறனை மெட்டாசென்ட்ரிக் உயரம் என்ற ஓர் அளவால் குறிக்கிறார்கள். அது கூடினால் படகு வெடுக்கென்று நிமிரும். குறைந்தால் மெதுவாக ஆடும். மெதுவான ஆட்டம் பயணிக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அனுபவப்பட்ட மாலுமி அதைக் கண்டு கலங்குவார். சரக்கு ஏற்றிய பிறகு படகு முன்னைவிட நிதானமாக ஆடுகிறது என்றால், எடை மேலே ஏறிவிட்டது என்று பொருள்.

இப்போது பைக்கைத் தூக்குவோம். பாய்மரத்தின் உயரத்திலிருந்தோ, அதோடு இணைந்த குறுக்குக் கட்டையின் நுனியிலிருந்தோ கப்பி தொங்கும். வண்டியின் சட்டத்தில் பட்டைகளைச் சுற்றிக் கொக்கியில் மாட்டுவார்கள். நான்கு கயிறுகள் சுமையைப் பகிரும்படி கப்பி கட்டினால், 200 கிலோ வண்டிக்கு 50 கிலோ இழுவையும், உராய்வுக்காக இன்னும் கொஞ்சமும் போதும். வண்டி ஒரு மீட்டர் உயர நான்கு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது அதற்கான விலை.

வண்டி தரையை விட்டுக் கிளம்பியதும் நடப்பது பலருக்குத் தெரியாத விஷயம். தளத்துக்கு ஒரு சாண் உயரத்தில்தான் தொங்குகிறது என்றாலும், படகைப் பொறுத்தவரை அந்த 200 கிலோ மேலே கப்பி இருக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. படகு சாய்ந்தால் தொங்கும் சுமையும் சாய்ந்த பக்கமே போய், கப்பிக்கு நேர் கீழே நிற்கும். கயிறு குட்டையா நீளமா என்பது பொருட்டில்லை, இழுவிசை விழுவது கப்பியில்தான். ஒரு கணக்குப் போடுவோம். படகு 10 டன், மெட்டாசென்ட்ரிக் உயரம் 1 மீட்டர். கப்பி, படகின் எடை மையத்துக்கு 8 மீட்டர் மேலே, நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் வெளியே. ஒரே ஒரு பைக் தொங்கினால் மெட்டாசென்ட்ரிக் உயரம் கிட்டத்தட்ட 16 செ.மீ. குறையும், படகு 4 டிகிரி சாயும். அதே வண்டியைத் தளத்தில் இறக்கி நடுவில் வைத்துவிட்டால், எடை மையம் வெறும் 3 செ.மீ. அளவுக்குத்தான் உயரும், மெட்டாசென்ட்ரிக் உயரமும் அவ்வளவுதான் குறையும். ஆறு வண்டிகளைத் தளத்தில் ஏற்றினால் வரும் பாதிப்பை ஒரே வண்டி தொங்கும்போது தந்துவிடுகிறது.

4 டிகிரி சாய்வு பெரிதில்லை. பயப்பட வேண்டியது ஊசலாட்டத்துக்கு. 4 மீட்டர் கயிற்றில் தொங்கும் எந்தப் பொருளும் ஒரு முறை போய்வர 4 விநாடி எடுத்துக்கொள்ளும், எடை எவ்வளவாக இருந்தாலும். பன்னிரண்டு மீட்டர் நீள யாட் ஒருமுறை பக்கவாட்டில் ஆடி வரும் நேரமும் 3, 4 விநாடிதான். இரண்டும் பொருந்திவிட்டால், துறைக்குள் வரும் சின்ன அலையே வண்டியை வீசி ஆட்டப் போதும். கயிற்றை இறக்க இறக்க ஊசலின் காலம் மாறும் என்பதால், எங்காவது ஓரிடத்தில் அந்தப் பொருத்தத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் வண்டியின் முன்னும் பின்னும் தனிக் கயிறு கட்டி, இரண்டு பேர் இழுத்துப் பிடித்தபடியே நிற்பார்கள். அந்த இருவரும் கவனம் சிதறினால், கப்பி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

தளத்தில் வைத்த பிறகு கட்டும் வேலை. சைடு ஸ்டாண்டை நம்ப முடியாது. படகு 30 டிகிரி சாய்ந்தால் வண்டியின் எடையில் பாதி, அதாவது 100 கிலோ, அதைப் பக்கவாட்டில் சரிக்கப் பார்க்கும். அலையின் குலுக்கல் அதற்கு மேல். நான்கு மூலையிலும் ராட்செட் பெல்ட் போட்டு, ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும்வரை இறுக்குவார்கள். அமுக்காமல் கட்டினால், ஒவ்வொரு குலுக்கலிலும் வண்டி தாழ, பெல்ட் தளர்ந்து, அடுத்த நொடி வெடுக்கென்று இழுபடும். பெல்ட் அறுவது பெரும்பாலும் அந்த வெடுக்கில்தான். நைலான் நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் பட்டைதான் நல்லது. படகின் ஓரக் கைப்பிடிக் கம்பிகளில் ஒருபோதும் கட்டக் கூடாது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பூட்டியிருக்கும் இடம்தான் அந்தப் பாரத்தைத் தாங்கும்.

வண்டியை ஏன் படகுக்கு உள்ளே, அடியில் வைப்பதில்லை? எடை தாழ்ந்தால் படகுக்கு நல்லதுதானே. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் இறங்கித் தேங்கும், ஒரு தீப்பொறி போதும். அதனால் வெளியே, காற்று பட, டாங்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பார்கள்.

இனிக் காற்று. கார்ட்டியிலிருந்து கார்த்தஹேனா கிழக்கும் வடகிழக்குமான திசையில் இருக்கிறது. நமக்கு வாடை வீசும் டிசம்பர் முதல் அங்கேயும் வடகிழக்குக் காற்று ஓங்கி வீசும், ஏப்ரல் வரை விடாது. பாய்மரம் காற்றுக்கு நேர் எதிரே போகாது. சுமார் 45 டிகிரி விலகி, வலமும் இடமுமாக வளைந்துதான் முன்னேறும், 100 கி.மீ. தூரத்துக்கு 141 கி.மீ. ஓட வேண்டும். வளைந்த பாய் காற்றைத் திருப்பிவிடும்போது பிறக்கும் விசை படகைப் பக்கவாட்டில்தான் அதிகம் தள்ளுகிறது. ஆழமாக இறங்கிய அடிக்கட்டை அந்தத் தள்ளலைத் தடுத்து, மிச்சத்தை முன்னோக்கிய ஓட்டமாக்குகிறது. பாய் கட்டிய காலத்தில் நம் நாகப்பட்டினக் கரையோரக் கட்டுமரக்காரர்களும் ஒரு பலகையைச் செங்குத்தாக நீரில் இறக்கி இதையே செய்தார்கள். எதிர்க்காற்றில் எஞ்சினும் துணைக்கு ஓடும், படகு ஒரே பக்கம் சாய்ந்தபடி அலையில் அடித்து அடித்துப் போகும், தளம் முழுக்கச் சாரல். தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்து, கார்த்தஹேனாவிலிருந்து கார்ட்டிக்கு வருபவர்களுக்குக் காற்று பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வரும், இதே கடல் அவர்களுக்குச் சாது. தேர்ந்தெடுக்க முடிந்தால், அந்தத் திசையைத்தான் நான் சொல்வேன்.

அந்தச் சாரல்தான் வண்டிக்குக் கடைசி எதிரி. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் நிற்கும் சைக்கிள்களில் ஸ்போக்ஸ் ரிம்மோடு சேரும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். மற்ற இடம் பளபளப்பாக இருக்கும்போதே அங்கே பழுப்பு கட்டியிருக்கும். இரண்டு உலோகங்கள் தொடும் இடுக்கில் உப்புநீர் தங்கினால், அது ஒரு சின்ன பேட்டரியாகி, ஒன்றை அரித்து இன்னொன்றைக் காக்கும். அலுமினியத்தைப் பாதுகாக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தையும் குளோரைடு ஊசித் துளைகளாகத் துளைக்கும். காய்ந்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகக் கசிந்து நீராகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். கடலோரத்தில் ராத்திரி முழுக்க அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஏற்றும் முன்பே செயின், ஸ்போக்ஸ், மின் இணைப்புகள், போல்ட்டுகள் எல்லாவற்றிலும் எண்ணெய் அல்லது கிரீஸ் பூசிவிடுவார்கள், பிரேக் டிஸ்க்கைத் தவிர. தார்ப்பாயைப் போர்த்தினால் அடியில் காற்று புகும்படி விட வேண்டும், இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். இறங்கியதும் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பீய்ச்சி அடிக்காமல். அழுத்தமாக அடித்தால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். ரேடியேட்டர் தகடுகள், செயின் கவருக்கு உள்பக்கம், மட்கார்டின் அடி, சீட்டுக்குக் கீழே ஒயர் போகும் பாதை ஆகிய நான்கிலும் தண்ணீர் தாராளமாக ஓடட்டும். பிறகு வெயிலில் நிறுத்தி, செயினுக்கு மறுபடி எண்ணெய் விட்டு, பேட்டரி ஒயரை மாட்டலாம்.