ஆர்க்கிட் தொட்டிக்கு அணில் எதற்கு வருகிறது?

வீடு வீடாகப் போய் மாடித்தோட்டம் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். சென்னையில் வெயில் ஏற ஆரம்பித்ததும் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தரையில் சிதறிய டென்ட்ரோபியம் ஆர்க்கிட் மொட்டுகள், பாதி கடிபட்ட குருத்து, தொட்டியைச் சுற்றி இறைந்து கிடக்கும் தேங்காய் நார். கூடவே ஒரு கேள்வி: "அணிலுக்கு என்ன மருந்து அடிக்கலாம் சார்?"

மருந்து இருக்கட்டும். அணிலோ எலியோ ஆர்க்கிட்டுக்கென்றே வருவது குறைவு. தொட்டியில் இருக்கும் நார், வேரிலும் பாசியிலும் தேங்கிய ஈரம், நாம் ஊற்றும் உரத்தின் வாடை, பக்கத்தில் புறாவுக்கு இறைத்த தானியம் இவற்றுக்காகத்தான் வருகின்றன. வந்த இடத்தில் சதைப்பற்றாக ஒரு மொட்டு கண்ணில் பட்டால் அதையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகின்றன. அதனால் செடியில் எதை அடிப்பது என்று யோசிப்பதைவிட, தொட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

அதற்கும் முன்னால் வந்தது யார் என்று தெரிய வேண்டும். நம்மூர் மூவரி அணில் பகலில்தான் நடமாடும். எலிக்கு இரவுதான் வேலை நேரம். இருட்டியதும் ஒரு படம், விடிவதற்கு முன் ஒரு படம் என்று இரண்டு மூன்று நாள் போனில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கேமரா எதுவும் வாங்க வேண்டாம். அணில் மொட்டைக் கடித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் கீழே போட்டுவிடும், தொட்டியின் மேல்பக்கத்தைக் கிளறிவிடும். எலி வந்த இடத்தில் புழுக்கை கிடக்கும். கூரை எலியின் புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், இரண்டு முனையும் கூராக இருக்கும். சுண்டெலியுடையது அரிசி நொய் மாதிரி சிறியது. எலி வழக்கமாக ஓடும் சுவரோரத்தில் பிசுக்குப் படிந்த கறுப்புத் தடமும் தெரியும். பெருச்சாளி தரையில் வளை தோண்டும் ஜாதி, மாடி வரை ஏறி வருவது அபூர்வம். இலையில் காய்ந்த பசைக் கோடு பளபளத்தால் அது நத்தை. மூஞ்சூறுதான் பாவம், எல்லா வீட்டிலும் அதன்மேல் பழி விழுகிறது. அது கொறிக்கும் இனமே இல்லை. கரப்பானையும் புழுவையும் தின்பது, உங்கள் செடிக்கு அதனால் கெடுதல் கிடையாது.

அணில் நார் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பின்னங்கால்களைத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொள்ளும். தேங்காய் மட்டைத் துண்டைப் பல்லால் கவ்வி, தலையை வெடுக்கென்று பின்னால் இழுக்கும். பிரிந்து வந்த நாரை முன்னங்கால்களால் மடித்து மடித்து வாயில் திணிக்கும். இரண்டு பக்கமும் மீசை முளைத்த மாதிரி ஆனதும் ஏ.சி. வெளிப்பெட்டிக்குப் பின்னால் ஓடிவிடும். கூடு அங்கே இருக்கும். இந்த இழுப்பில்தான் நமக்கு நஷ்டம். ஆர்க்கிட் வேரின் வெள்ளைப் பகுதி தண்ணீரை உறிஞ்சி வைக்கும் பஞ்சு போன்ற உறை. நுனியில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிவதுதான் வளரும் இடம். மட்டையோடு ஒட்டியிருந்த அந்த நுனி ஒடிந்தால் வேர் அதற்குமேல் நீளாது. பிறகு பக்கத்தில் கிளைக்கலாம், ஆனால் அதற்கு வாரக் கணக்கில் ஆகும்.

ஆகவே நார் இல்லாத தொட்டி என்றால் பாதித் தொல்லை அங்கேயே குறைந்துவிடும். சென்னை மாதிரி காற்றில் ஈரப்பதம் உள்ள ஊரில் டென்ட்ரோபியத்துக்கு மரக்கரியும் உடைத்த ஓட்டாஞ்சில்லும் போதும். வாண்டா வகை ஆர்க்கிட்டுக்கு அதுகூட வேண்டாம், வெறும் கூடையில் வேரைத் தொங்கவிட்டே வளர்க்கலாம். ஒரு விஷயம், கரியும் ஓடும் மட்டை அளவுக்கு ஈரம் பிடிக்காது. கோடையில் தினமும், சில நாள் இரண்டு வேளையும் தண்ணீர் விட வேண்டியிருக்கும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் மட்டையையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை அடியில் போட்டு, மேலே இரண்டு அங்குலம் ஓட்டாஞ்சில்லு பரப்புங்கள். ஸ்பாக்னம் பாசியை மட்டும் வெளியில் வைக்கும் தொட்டியில் மேலாகத் தெரியும்படி வைக்காதீர்கள். கூடு கட்டுகிற அணிலுக்கு அது பட்டு மெத்தை.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மாடியின் மறுகோடியில் ஒரு பிடி தேங்காய் நாரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பக்கத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். சுலபமாக உருவ முடிகிற நார் அங்கே இருக்கும்போது, தொட்டிக்குள் இறுகிக் கிடக்கும் மட்டையோடு அணில் மல்லுக்கட்டுவதில்லை. நான் பார்க்கும் வீடுகளில் செலவே இல்லாமல் பலித்த வழி இது. சட்டித் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வரும்.

எலிக்கு நார் பெரிய விஷயமில்லை, வாடைதான் இழுக்கும். கடலைப் புண்ணாக்குக் கரைசல், எலும்புத் தூள், மீன் அமிலம், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் என்று யூடியூபில் பார்த்ததையெல்லாம் ஆர்க்கிட்டில் ஊற்றிவிட்டு, ராத்திரி எலி வருகிறது என்கிறார்கள். வராமல் எங்கே போகும்? கத்தரிச் செடிக்கு இவை நல்ல உரம். மரப்பட்டையில் ஒட்டி வளர்ந்து பழகிய ஆர்க்கிட்டுக்குத் தேவையே இல்லை. வேரைச் சுற்றிப் புளித்து அழுகலையும் கொண்டுவரும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் போகாமல் கரைத்து வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். பறவைகளுக்குத் தானியம் போடுகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் மிச்சத்தைப் பெருக்கி எடுத்துவிடுங்கள்.

அடுத்து தடுப்பு. பிளாஸ்டிக் வலையும் நிழல்வலையும் எலிக்கு ஒரு ராத்திரி வேலை. கொறிப்பனவற்றின் முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் என்று கேட்டுக் கம்பி வலை வாங்குங்கள். அணிலுக்கும் வளர்ந்த எலிக்கும் அரை அங்குலக் கண் போதும், சுண்டெலி இருந்தால் கால் அங்குலம் வேண்டும். அதில் தொட்டி வாயளவுக்கு வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு பிளவு விட்டு, தண்டைச் சுற்றிச் செருகிவிடலாம். வெட்டிய முனைகளை மடக்கிவிடுங்கள், குருத்தைக் கிழிக்கும். வாரம் ஒரு முறை பார்க்கவும் வேண்டும். புதுக் குருத்து வலைக் கண்ணுக்குள் நுழைந்து தடித்துவிட்டால் கம்பியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். விலை கூடிய செடிகள் நிறைய இருந்தால் ஸ்டாண்டையே நாலு பக்கமும் மேலும் அடைத்து ஒரு கதவு வைத்துவிடுங்கள். பாலிதீன் போட்டு மூடாதீர்கள், காற்றோட்டம் நின்றால் ஆர்க்கிட் அழுகும். தொங்கும் கூடைகளுக்கு, கம்பியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் குறுக்கே கோத்துவிட்டால் கால் வைத்ததும் உருளும். மாடியைத் தொடும் மாமரக் கிளையை வெட்டிவிடுவது, மழைநீர்க் குழாயின் வாய்க்கு ஜாலி போடுவது, இரண்டும் ஒரு மணி நேர வேலை.

மிளகாய்த்தூள் கரைசல் பாலூட்டிகளுக்கு எரியும், பறவைகளுக்கு உறைக்காது என்பது உண்மை. ஆனால் தினமும் தண்ணீர் தெளிக்கிற செடியில் அது எத்தனை நாள் நிற்கும்? எண்ணெய் கலந்து வெயிலில் அடித்தால் மொட்டு கருகும். பொம்மை ஆந்தை, பளபளக்கும் சி.டி. எல்லாம் பழகும் வரைதான். பூச்சி உருண்டையை நசுக்கித் தொட்டியில் போடுவதை விட்டுவிடுங்கள், நாப்தலீன் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் நஞ்சு.

நான் ரொம்பவும் கவலைப்படுவது எலி மருந்தைப் பற்றித்தான். ராமர் தடவிக் கொடுத்த முதுகு என்று அணிலைத் தொடமாட்டார்கள். அதே வீட்டில், அதே தொட்டிக்குப் பின்னால், எலிக்கென்று மருந்துக் கட்டி வைத்திருப்பார்கள். காலையில் முதலில் அதைப் பார்ப்பது அணில்தானே. கடையில் கிடைக்கும் கேக் வகை மருந்தில் பெரும்பாலும் புரோமாடியோலோன் இருக்கும். ரத்தம் உறைவதைத் தடுத்து, தின்ற சில நாட்களில் கொல்லும். அந்த நாட்களில் தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்கிற பூனைக்கும் கூகைக்கும் அதே விஷம் போகும். எலியைத் தின்று நமக்கு உதவுகிற பறவையை நாமே கொன்றுவிடுகிறோம். இன்னொரு எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையும் அப்படியே, கல்லீரலை அழித்துவிடும்; தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடையே இருக்கிறது. எங்காவது ரகசியமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பசை அட்டையும் வேண்டாம், எலியோடு பல்லியும் குருவியும் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகும்.

எலியைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் பழைய பொறியும் மசால் வடையும்தான். எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். அதனால் முதல் இரண்டு மூன்று இரவு பொறியைப் பூட்டாமல் வடையை மட்டும் வையுங்கள், தின்று பழகட்டும். அப்புறம் பூட்டுங்கள். நடுவில் வைத்துப் பயனில்லை, சுவரை ஒட்டி வைக்க வேண்டும். இருட்டியபின் வைத்து விடிவதற்குள் எடுத்துவிட்டால் அணில் சிக்காது. தொட்டிக்குள் அணில் குட்டி போட்டிருந்தால் அந்தத் தொட்டியை இரண்டு இரண்டரை மாதம் மறந்துவிடுங்கள். குட்டிகள் பால் மறந்து கிளம்பியதும் நீங்களே கூட்டை எடுத்துவிடலாம்.

மழைக்காலத்தில் எலி நடமாடிய தொட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈரம், கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காமல், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்துத் துடைத்தெடுங்கள். அந்தத் தண்ணீர் செடியில் படக்கூடாது. பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால் டாக்டரிடம் எலி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடிபட்ட செடிக்கு வருவோம். கடித்த இடம் நைந்து, அதில் தண்ணீர் தேங்கித்தான் அழுகல் பிடிக்கிறது. பிளேடை நெருப்பில் காட்டி, ஆறியதும் நல்ல திசு தெரியும் வரை வெட்டுங்கள். அடுத்த செடிக்குப் போகும்போது மறுபடியும் நெருப்பு, ஏனென்றால் ஆர்க்கிட் வைரஸ்கள் கத்தி வழியாகத்தான் அதிகம் பரவுகின்றன. வெட்டிய முகத்தில் மட்டும் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் தொட்டு வையுங்கள். வேரில் பட்டால் வேரைக் காயவைத்துவிடும். டென்ட்ரோபியத்துக்குத் தாமிரம் கலந்த பூஞ்சாணக் கொல்லி ஆகாது, கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் லேபிளைப் படித்துப் பாருங்கள்.

டென்ட்ரோபியத்தில் ஒரு குருத்து போனால் பரவாயில்லை, அடியில் இருக்கும் இன்னொரு கண்ணிலிருந்து துளிர்க்கும். வாண்டாவிலும் பெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டிலும் வளர்வது ஒரே ஓர் உச்சிதான். அதை எலி தின்றுவிட்டால் அந்தத் தண்டு உயராது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். இலையும் வேரும் நன்றாக இருந்தால் சில மாதங்களில் பக்கத்திலோ அடியிலோ கன்று விடக்கூடும். கன்றுக்குத் தனியாக இரண்டு மூன்று வேர் வந்து, இரண்டு மூன்று அங்குலம் நீண்ட பிறகு பிரித்து வையுங்கள். அதுவரை தாய்ச்செடியை வலைக்குள்ளேயே வைத்திருங்கள்.