கெர்ப் கல்லின் முதுகைத் தோண்டிப் பாருங்கள்

ஒரு குடியிருப்பு வளாகத்தில் வண்டிப் பாதையில் பதித்த பேவர் பிளாக் எல்லாம் கலைந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். கற்களுக்கு நடுவே விரல் நுழைந்தது. "கல்லே சரியில்ல சார்" என்றார் பொறுப்பாளர். நான் ஓரத்துக்குப் போனேன். பாதையின் விளிம்பில் வரிசையாக நிறுத்தும் கெர்ப் கல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் பின்னால் தோண்டினால் வெறும் மண்.

கெர்ப் என்றதும் பெயின்ட் அடித்த வரிசைதான் பலருக்கும் நினைவு வரும். வண்டி ஏறும்போது பாரம் கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை ஓரத்தில் நின்று வாங்கிக்கொள்வது கெர்ப். அது அரை அங்குலம் நகர்ந்தால் போதும். பேவர் கல் இடைவெளியில் இருக்கும் மணல் இறங்கும், கற்கள் ஒன்றையொன்று பிடிப்பதை விட்டுவிடும். அதனால் கெர்ப்புக்கு அடியில் கான்கிரீட் படுக்கை வேண்டும், பின்பக்கமும் கான்கிரீட் அணைப்பு வேண்டும். மண் போட்டு மூடியபின் கண்ணில் படாத வேலை என்பதால், செலவைக் குறைக்க முதலில் கைவைப்பதும் அதில்தான். மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலையில் கெர்ப்புக்கு இன்னொரு வேலை, மழைநீரை ஓரமாகவே ஓட்டி வடிகால் வாய்க்குச் சேர்ப்பது. நடைபாதையை ஒட்டிய செங்குத்துக் கெர்ப் ஏறத்தாழ 150 மி.மீ. உயரம் நிற்கும். பழைய தாரைச் சுரண்டாமல் 40, 50 மி.மீ. என்று இரண்டு முறை மேலே போட்டால் மிச்சம் என்ன இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரும் டயரும் நடைபாதைக்கு ஏறிவிடும். அந்த 150 மி.மீ. வேகமாக வரும் வண்டியைத் தடுத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். மோதினால் வண்டி எகிறும், கவிழவும் கூடும். அதிவேகச் சாலைக்குத் தடுப்பு வேலி தனி. தேவைப்படும்போது வண்டி ஏறிப்போக வேண்டிய இடத்தில் முகம் சரிந்த கெர்ப் போடுவார்கள்.

தோட்டத்தில் பாரம் குறைவு. புல் பாத்திக்குள் பரவாமலும் மண் பாதைக்கு வராமலும் பிடித்தால் போதும். ஆனால் கெர்ப் தலை மட்டத்துக்கு மண்ணை நிரப்பிவிடுகிறார்கள். முதல் மழையிலேயே பாதை சேறு. மண் 50 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். மரத்தைச் சுற்றிப் போடும்போது ஆங்காங்கே இடைவெளி விட்டால் ஓடுகிற நீர் வேருக்குப் போகும். முழுக்க அடைத்துவிட்டு, பிறகு குழாய் போட்டுத் தண்ணீர் விடுவது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

அந்த வளாகத்தில் ஒரு பேவர் கல்லைக்கூட மாற்றவில்லை. ஓரத்தைப் பெயர்த்து, நூல் பிடித்துக் கெர்ப்பை நிறுத்தி, பின்னால் கான்கிரீட் போட்டு, அதே கற்களைத் திரும்பப் பதித்தோம். வாசலிலும் ஒரே உயரமாக வந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்றார் பொறுப்பாளர். சக்கர நாற்காலிக்காக அங்கே தாழ்த்தி, 1:12 சரிவில் (ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்) முடித்தேன். பார்வையற்றவருக்கு விளிம்பு தெரியாமல் போகுமே என்று அந்த இடத்தில் காலில் தட்டுப்படும் புடைப்புள்ளிகள் கொண்ட தரை ஓடுகளையும் பதித்தோம்.