செஜாரா: சொல் விளக்கம்

செஜாரா (மலாய், பெயர்ச்சொல்): வரலாறு. மலேசியப் பள்ளிகளில் ஒரு பாடத்தின் பெயரும் இதுதான். 2013 முதல் அதில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் கிடையாது. வரலாற்றுப் புதினம் மலாயில் 'நோவெல் செஜாரா'.

வேர் அரபு. 'ஷஜரா' என்றால் மரம். மலாயில் அது அரச குலத்தின் கிளை பிரிப்பைக் குறித்து, பிறகே வரலாறு என்ற பொதுப்பொருளுக்கு வந்தது. பழைய பொருளுக்குத் தமிழில் 'கொடிவழி' கச்சிதம்; அவர்களுக்கு மரம், நமக்குக் கொடி.

இந்தப் பழம்பொருளை விட்டுவிட்டால் 'செஜாரா மெலாயு' நூலைத் தவறாகவே படிப்போம். அதன் முன்னுரை தரும் பெயர் 'சுலாலத்துஸ் சலாத்தின்', அதாவது அரசர் கொடிவழி. 1612இல் பணிக்கப்பட்டதாக முன்னுரை சொல்கிறது. தொகுத்தவர் ஜொகூர் பெண்டஹாரா (தலைமை அமைச்சர்) துன் ஸ்ரீ லானாங் என்பது மரபு. மலாக்கா அரசர்களை இஸ்கந்தர் சுல்கர்னைன் (மாவீரன் அலெக்சாந்தர்) வரை கொண்டுபோய் இணைப்பதே அதன் நோக்கம். இடையில் 'ராஜா சூலான்' கண்ணாடிப் பேழைக்குள் கடலடிக்குப் போகிறார். அந்தப் பெயரில் சோழரின் எதிரொலி இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

புதின ஆசிரியருக்கு இந்நூல் ஒரு பொற்சுரங்கம், ஆனால் ஆண்டுக்கணக்குக்கு உதவாது. பெரும்பாலும் அரசர் ஆண்ட காலத்தைச் சொல்லும், நிகழ்ச்சிக்குத் தேதி சொல்லாது. மலாக்கா வீழ்ந்தது 1511 ஆகஸ்ட் என்பதைப் போர்த்துகீசியப் பதிவுகளிலிருந்தே எடுக்க வேண்டும். காட்சியும் பேச்சும் செஜாராவிலிருந்து, நாளும் கப்பலும் போர்த்துகீசியரிடமிருந்து: வழக்கமான செய்முறை இதுதான்.

வழுக்கும் இடம் பிரதிபேதம், அதாவது கையெழுத்துப் பிரதிகளுக்கிடையேயான வேறுபாடு. மலாக்கா வீரன் ஹாங் துவா கலகம் செய்த தன் தோழனைக் கொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹிகாயத் ஹாங் துவா'வில் அந்தத் தோழன் ஹாங் ஜெபாட். லண்டனில் உள்ள ராஃபிள்ஸ் 18 என்ற செஜாரா பிரதியிலோ அவன் ஹாங் கஸ்தூரி. 'ஹிகாயத்' என்பதும் அரபுச் சொல்தான், பொருள் கதை. எந்தப் பிரதி என்று முடிவுசெய்யாமல் இரண்டையும் கலந்தால் ஒரே கலகம் இருமுறை நடந்ததாகிவிடும்.

மூலநூல் மௌனமாகும் இடத்தில் என்ன செய்வது? ஹாருன் அமினுர்ரஷித் எழுதிய 'பங்லிமா அவாங்' என்ற புதினம் நல்ல சான்று. அதன் நாயகனுக்கு முன்மாதிரி போர்த்துகீசியக் கடலோடி மெகல்லனின் மலாய் அடிமை என்ரிகே. மெகல்லனின் உயில் அவனை மலாக்காக்காரன் என்கிறது, உடன்பயணித்த பிகாஃபெட்டா சுமத்ராக்காரன் என்கிறார். 1521இல் பிலிப்பைன்ஸின் செபு தீவுக்குப் பின் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. 'அவாங்' என்ற பெயரே புதினத்தின் கொடை. இப்படிப்பட்ட ஆளைத்தான் கற்பனை சுதந்திரமாக வளர்க்க முடியும். மலாக்காவை ஆண்ட சுல்தான் மஹ்மூதை அப்படி வளைக்க முடியாது.

தமிழாக்கம்: இன்றைய வழக்கில் செஜாரா = வரலாறு, நோவெல் செஜாரா = வரலாற்றுப் புதினம். நூற்பெயரை 'மலாய் வரலாறு' என்று மாற்றாமல் 'செஜாரா மெலாயு' என்றே விட்டு, அருகில் கொடிவழி என்று விளக்கம் தருவது மேல். பாத்திரப் பெயர்களில் எதிர்வழக்கம் வேண்டும்: பெண்டஹாரா துன் முத்தாஹிரின் வீழ்ச்சிக் கதையில் வரும் 'ராஜா மெண்டலியார்' தமிழில் முதலியார்தான், 'நீனா' என்பது நயினார். ஜாவி எழுத்து (மலாய்க்கான அரபு எழுத்துமுறை) சிதைத்ததை நாமும் சிதைத்தே எழுத வேண்டியதில்லை.