தேடுகிற சொல் சரியாக இருந்தால்தான் புத்தகம் கண்ணில் படும்

கலைக் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். போன கல்வியாண்டில் எம்.ஏ. வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். “மேடம், தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பத்தி எங்கேயுமே ஒண்ணும் இல்லை. தலைப்பை மாத்திக்கோன்னு கைடு சொல்லிட்டாங்க.” மூன்று வாரமாகத் தேடியிருக்கிறாள். குரல் தழுதழுத்தது.

“எப்படிம்மா தேடினே?” என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாள். ஊர்ப் பெயரை இன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதுகிற எழுத்துக்கூட்டலில் போட்டு, கூடவே முத்துக்கு உரிய ஆங்கிலச் சொல்லையும் போட்டிருந்தாள். வந்ததெல்லாம் சுற்றுலாத் தளங்கள், நகைக்கடை விளம்பரங்கள், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய கட்டுரைகள்.

பக்கத்தில் உட்கார வைத்தேன். வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகளில் அந்த ஊர் ‘டூட்டிகோரின்’. சரி, அதைப் போட்டோம், கொஞ்சம் வந்தது. அப்புறம், “தூத்துக்குடி எப்போ தனி மாவட்டமாச்சு?” என்று கேட்டேன். “1986” என்றவள், சொல்லி முடிப்பதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கு முன் அது திருநெல்வேலி மாவட்டம். பழைய ஆங்கில ஆவணங்களில் திருநெல்வேலி என்றும் இருக்காது, ‘டின்னவெல்லி’ என்றுதான் இருக்கும். அந்தப் பெயரில் 1917இல் வெளிவந்த மாவட்டக் கெசட்டியரை, அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூலை, எடுத்தோம். பின்பக்கச் சொல்லடைவில் விரலை வைத்து, பக்க எண்ணைப் பிடித்து, உள்ளே போனோம். அவள் தேடியது அங்கே இருந்தது.

தமிழிலும் இதே கதைதான். ‘முத்துக்குளிப்பு’ என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். பழைய புழக்கத்தில் அதற்குச் ‘சலாபம்’ என்று பெயர். சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். இதைச் சொன்னதும், “எங்க தாத்தா சலாபம்னுதான் மேடம் சொல்வாரு!” என்றாள். அவள் வீட்டிலேயே இருந்த சொல்தான். அதைத் தேடுபெட்டியில் போடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் ஒரு ஆய்வேட்டைத் திறந்து, அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனோம். மன்னார் வளைகுடா முத்துப் பார்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் எழுதி 1922இல் வெளியான மதராஸ் மீன்துறை அறிக்கை அப்படித்தான் கண்ணில் பட்டது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைப்பை அவள் மாற்றவில்லை.

இந்த ஒரு மணி நேரத்துக்குப் பாடத்திட்டத்தில் இடமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். ஜூலையில் முதலாண்டு மாணவர்கள் இருநூறு பேரை அரங்கத்தில் உட்கார வைத்து ‘லைப்ரரி ஓரியன்டேஷன்’ நடத்துகிறோம். எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், ஃபைன் எவ்வளவு என்று சொல்வோம். அன்றைக்கு அவர்களிடம் தேட வேண்டிய கேள்வி எதுவும் இருக்காது. கேள்வி வருவது மூன்றாம் ஆண்டில், புராஜெக்ட் தலைப்பு கையில் கிடைக்கும்போது. அப்போது நூலகரை யாரும் நினைப்பதில்லை.

சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது விதி. புத்தகத்தைச் சீக்கிரம் எடுத்துக் கொடுப்பது என்றே நானும் இதைப் பல வருடம் நினைத்திருந்தேன். அந்தப் பெண் வீணாக்கிய மூன்று வாரத்தைப் பார்த்த பிறகு, தேடச் சொல்லிக் கொடுப்பதும் அந்த விதிக்குள் வருகிறது என்று நம்புகிறேன்.

இன்னொரு விஷயம் இப்போது அடிக்கடி நடக்கிறது. எம்.காம். படிக்கும் தம்பி ஒருவர் பதினான்கு கட்டுரைகள் கொண்ட ரெஃபரன்ஸ் பட்டியலோடு வந்து, இவற்றின் முழுப் பிரதி வேண்டும் என்றார். ஐந்து கட்டுரைகள் எங்கே தேடியும் அகப்படவில்லை. ஒன்றுக்கு டிஓஐ எண், அதாவது இணையத்தில் ஒரு கட்டுரைக்கென்றே தரப்படும் நிரந்தர அடையாள எண், இருந்தது. அதைப் போட்டால் வேதியியல் கட்டுரை ஒன்று திறக்கிறது! இன்னொன்றில் ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது. அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தில் இருப்பதோ வேறு கட்டுரை. பட்டியலைச் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்ததாம். “இது இல்லாததை இருக்குன்னு சொல்லும்னு எனக்குத் தெரியாது மேடம்” என்றார். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, அதனால் நான் திட்டவும் இல்லை. இந்தக் கருவிகள் அடுத்தடுத்து வரக்கூடிய சொற்களைக் கோத்துத் தருகின்றன. இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லும் வசதி இப்போது வந்திருக்கிறது, அப்போதும் சுட்டியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். என் மாணவர்களிடம் நான் கறாராகச் சொல்வது இதுதான்: நீ திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதே.

வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதே பழக்கம் உதவும். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறது, நாசாவே வியக்கிறது என்ற செய்தி வகுப்பில் அநேகமாக எல்லோருக்கும் வந்திருக்கும். கோயிலின் மேல் இருக்கும் பக்தி வேறு, நாசா சொன்னதா என்பது வேறு. செய்தியையே திரும்பத் திரும்பப் படித்து உண்மையா பொய்யா என்று யோசிக்க வேண்டாம், அதை விட்டு வெளியே வந்து வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்பதை மாணவர்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும் தன் ‘கேர்’ பட்டியலை 2025இல் நிறுத்திவிட்டது. இனி எந்த இதழ் நல்லது என்று நீங்களும் உங்கள் கல்லூரியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதாலேயே ஒரு இதழ் தரமானது ஆகிவிடாது, அது வெறும் அடையாள எண். ஆசிரியர் குழுவில் இருப்பவரின் பெயரை அவருடைய கல்லூரி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். மூன்று நாளில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் கட்டாதீர்கள். கட்டுரையை யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

துறை ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் தலைப்புகள் முடிவான மறு வாரம், ஒரு பாடவேளையை எங்களுக்கு விட்டுக் கொடுங்கள். பத்துப் பதினைந்து பேராக அனுப்புங்கள், மொத்தமாக வேண்டாம். வரும்போது ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொண்டு வரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், எங்கே, என்ன சொல் போட்டுத் தேடினேன், என்ன கிடைத்தது என்று அதில் எழுத வைப்போம். முத்துக்குளிப்பு மாணவியின் நோட்டில் முதல் பக்கத்தில் இரண்டே சொற்கள்தான் இருந்தன. ஆய்வேட்டைக் கொடுக்கும்போது முப்பத்தொன்று ஆகியிருந்தது. அதில் நான்கு அவள் தாத்தா சொன்னவை.