மேடைக்கு கிட்டார் ஆம்ப் வாங்குகிறீர்களா? கடையில் கேட்கும் சத்தத்தை நம்பாதீர்கள்

குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். பங்குத் திருவிழாவின் ஒன்பதாம் நாள். மறையுரை, நற்கருணை ஆசீர் எல்லாம் முடிந்து இளைஞர்களின் இசை நிகழ்ச்சி தொடங்க வேண்டும். சவுண்ட் எங்களுடையது. கிட்டார் வாசிக்கும் தம்பிக்குப் பதினெட்டு வயதிருக்கும். தூறலுக்குப் பயந்து, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியான புது ஆம்பைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அப்பா கடலுக்குப் போகிறவர், சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். 10 வாட், ஆறு இஞ்ச் ஸ்பீக்கர்.

"அண்ணே, இது போதும்லா? கடையில நல்ல சத்தமா கேட்டுது" என்றான்.

தனியாக வாசித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. முதல் பாட்டில் டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விட்டது. வால்யூமைக் கடைசிவரை திருகினான், பிறகு உள்ளே வரும் சிக்னலைக் கூட்டும் கெயினையும் திருகினான். வந்தது வெறும் இரைச்சல். மைக் வைத்து, மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் கொடுத்தேன், ஆனால் மைக் எடுத்துக் கொடுப்பதும் அதே உடைந்த சத்தத்தைத்தானே. நான்கு பாட்டையும் தலையைக் குனிந்தபடி வாசித்து முடித்தான். அவன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் ஆம்ப் பற்றி யார் கேட்டாலும் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து சொல்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். 50 வாட்டும் 100 வாட்டும் அருகருகே வைத்தால் பின்னது இரண்டு மடங்கு சத்தமாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் வித்தியாசம் 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போல இருக்கும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானது போலக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரும் கணக்கில் வரும். ஒரே ஆம்பில், ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 1963-இல் வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் வெறும் 22 வாட், ஒரே ஒரு பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர். இன்றும் உலகம் முழுக்க மேடையில் நிற்கிறது. அது கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ஆம்ப். டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால், டிரம்ஸ் இருக்கும் குழுவுக்கு 50 வாட், பன்னிரண்டு இஞ்சுக்குக் கீழே போகாதீர்கள் என்பதுதான் நான் சொல்லும் கணக்கு. டிரம்ஸ் இல்லாமல் கீபோர்டும் எலெக்ட்ரானிக் டிரம் பேடும் மட்டும் என்றால் அதைவிடச் சிறியதே போதும்.

கடையில் எப்படிச் சோதிப்பது? உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் கையில் கொடுக்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் இனிக்கும். டிஸ்டார்ஷன், ரிவர்ப், எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சத்தத்தை உடைக்காமல் தரும் கிளீன் சேனலுக்கு வாருங்கள். கெயினைக் குறைத்து, வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றி, ஆறு கம்பிகளையும் சேர்த்துப் பலமாக ஒரு கார்டு அடியுங்கள். அந்த நிலையிலும் ஒவ்வொரு கம்பியும் தெளிவாகப் பிரிந்து கேட்டால் அந்த ஆம்ப் மேடைக்குத் தாங்கும். பெட்டி அதிர்ந்து, தாழ்ந்த ஈ கம்பி மட்டும் தொளதொளவென்று கேட்டால் வேண்டாம். மேடையில் டிரம்மர் ஸ்நேர் டிரம்மைப் பலமாக அடிக்கும்போது சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். அதற்குப் பக்கத்தில் உடையாமல் நிற்கும் கிளீன் சத்தம்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அந்தச் சத்தத்தில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், வீட்டு அறையில் இனித்த டோன் மேடையில் ஏன் கெட்டுப்போகிறது என்று பல தம்பிகள் கேட்கிறார்கள். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலியான பாஸை நன்றாகப் பிடிப்பதில்லை. அதனால் வீட்டில் பாஸையும் உயர்ந்த ஒலியான ட்ரெபிளையும் ஏற்றி, நடு ஒலியான மிட்டைக் குறைத்து வைக்கிறோம். அதே செட்டிங்கோடு மேடையில் சத்தத்தைக் கூட்டினால் பாஸ் கும்மென்று பொங்கி பேஸ் கிட்டாரோடு முட்டும், ட்ரெபிள் சிம்பலோடு கலந்துவிடும். கிட்டார் தனியாகத் தெரிய வேண்டிய இடமோ நீங்கள் குறைத்து வைத்த மிட். மேடை ஏறியதும் முதலில் மிட்டைக் கூட்டுங்கள்.

ஆம்பைத் தரையில் வைப்பதும் பெரிய தவறு. பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரின் ட்ரெபிள் டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் போகும். ஆம்ப் உங்கள் முழங்காலைப் பார்த்துப் பாடினால் உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், நீங்கள் ட்ரெபிளைக் கூட்டுவீர்கள். மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் பாட்டிமாருக்கும் அது காதைக் குத்தும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி, பின்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கூட்டத்தின் கடைசிவரை சத்தத்தைக் கொண்டுபோவது ஆம்பின் வேலையில்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1965-இல் பீட்டில்ஸ் நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் வாசித்தபோது, 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் 100 வாட் வாக்ஸ் ஆம்புகளோடு நின்றார்கள். ரசிகர்களின் கூச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. இன்று ஆம்பிலிருந்து மைக் வழியாகவோ, கேபிள் செருகும் லைன் அவுட் துளை வழியாகவோ நாங்கள் எடுத்து மெயின் ஸ்பீக்கரில் கொடுக்கிறோம். உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்டால் போதும். ஆகவே வாங்கும்போது பின்னால் லைன் அவுட் இருக்கிறதா, அதில் ஸ்பீக்கரைப் போல உயர்ந்த ஒலியை வடிகட்டும் ஸ்பீக்கர் சிமுலேஷன் உண்டா என்று பாருங்கள். கிட்டார் ஸ்பீக்கர் 5 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பாடாது, அந்த வடிகட்டல் இல்லாத லைன் அவுட்டில் டிஸ்டார்ஷன் வண்டு ரீங்காரம் போலக் கேட்கும். அப்படிப்பட்ட ஆம்புக்கு நான் மைக்தான் வைப்பேன், ஸ்பீக்கர் கோனின் நடுவைவிட்டுக் கொஞ்சம் விலக்கி.

நம் மாவட்டத்தில் பாடகர் குழுக்களில் அதிகம் இருப்பது பிக்கப் வைத்த அகூஸ்டிக் கிட்டார். அதற்கு எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பே வேண்டாம், மரத்தின் சத்தம் அதில் மங்கிப்போகும். கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸ் ஒன்று வாங்கி மிக்சருக்கு நேராகக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இனி கரண்ட். இதைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஆம்பில் ஹம் வருகிறதென்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தவை. எர்த் இல்லாத ஆம்பில் கசிவு வந்தால் அது உங்கள் விரலில் நிற்கும். மைக்கோ மிக்சர் வழியாக எர்த் ஆகியிருக்கும். கம்பியில் கை, மைக்கில் உதடு. மழை நனைத்த மேடையில் வெறுங்காலோடு பாடிய ஒரு பையன் அப்படித் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். தோள்பட்டை வலியோடு பிழைத்தான். அன்றிலிருந்து பாடத் தொடங்குமுன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பார்க்காமல் யாரையும் நான் விடுவதில்லை. சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிட்டாரைக் கீழே வைத்துவிட வேண்டும். ஆம்ப், கீபோர்டு, மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபேஸிலிருந்து லைன் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400 வோல்ட் இருக்கிறது. அந்த போர்டில், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஒழுங்கான சவுண்ட்காரர் யாரும் கோபிக்க மாட்டார்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் ஆம்ப் கொண்டுவந்தால், செருகும் முன் பின்பக்கம் படியுங்கள். 120 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் 230-இல் ஒரு நொடியில் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப் தரும் வாட் வேறு, கரண்டிலிருந்து இழுக்கும் வாட் வேறு, இரண்டாவதைப் பார்த்துத்தான் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒன்று. உப்புக்காற்று முதலில் ஜாக்கையும் நாபையும்தான் பிடிக்கும். திருகும்போது கரகரவென்று வந்தால் ஆம்ப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து தடவை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து மூடி வையுங்கள். வால்வு ஆம்ப் என்றால் கால் மணி நேரம் ஆறவிட்டு, பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.