பஞ்சாகத் தொடங்கும் இதயம்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நாத்தனாரின் கைக்குழந்தைக்குப் பால் குடிக்கும்போதே வியர்த்துக்கொட்டி மூச்சு வாங்கியது. புதுச்சேரியில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை) எடுத்தபோது இதயத் தசை பஞ்சு போல் இருப்பது தெரிந்தது. கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்; உண்மையா?

இல்லை. பெற்றவளைக் குற்றவாளியாக்குவதைத் தவிர அந்தக் கதைக்கு வேறு பயன் கிடையாது.

உங்கள் இதயமும் என் இதயமும் கருவில் பஞ்சாகத்தான் இருந்தன. நான்காவது வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கும்போது அதன் தசைக்கு இரத்தம் தரும் கரோனரி நாளங்கள் உருவாகியிருக்காது. உள்ளே ஓடும் இரத்தத்திலிருந்து ஊடுருவி வரும் ஆக்சிஜன்தான் ஒரே வழி. அதுவோ மிகக் குறைந்த ஆழமே எட்டும். அதனால் தசை, இழை இழையாக இரத்தத்துக்குள்ளேயே இறங்கி வளர்கிறது.

அது இறங்கும் விதம்தான் அற்புதம். இதயத்தின் உட்பூச்சு செல்கள் நியூரெகுலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அந்தச் சைகையைப் பெற்ற தசைச் செல்களில் சில, அக்கம்பக்கத்துச் செல்களிடமிருந்து பிடியைத் தளர்த்திக்கொண்டு, சுவரைவிட்டு உள்ளே நழுவுகின்றன. எல்லாமே நழுவினால் சுவர் மிஞ்சாது. ஆகவே நழுவுகிற செல், ‘நாட்ச்’ என்ற இன்னொரு சைகையால் பக்கத்துச் செல்லை அங்கேயே நிறுத்திவைக்கிறது! வரிக்குதிரை மீனின் கண்ணாடி போன்ற கருவில் இதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்க்கலாம். அது இந்திய ஆறுகளின் மீன். வளர்க்கச் செலவும் அதிகமில்லை. நம் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கு நிதி ஒதுக்க ஏன் இவ்வளவு தயக்கமோ!

பிறகு கரோனரி நாளங்கள் வருகின்றன, வெளிச்சுவர் தடிக்கிறது. இழைகள் இறுகியே சுவராகின்றன என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. சுவர் இழைகளைவிட வேகமாக வளர்கிறது, அவ்வளவுதான் என்பது புதிய கட்சி. என் ஓட்டு அதற்கே. தவளைக்கோ ஆயுள் முழுதும் பஞ்சு இதயம்தான். நமக்கு அது போதாது. சுவர் மெலிந்து இழைகள் மிகுந்தால் இதயம் வலுவாகச் சுருங்காது, துடிப்பின் தாளம் பிசகலாம், குழிகளில் தேங்கும் இரத்தம் உறையலாம்.

பல குழந்தைகளில் இந்தக் குறைக்குக் காரணம் மரபணு மாற்றம்: எம்ஒய்எச்7 போன்ற தசைப் புரத மரபணுக்களில், சில ஆண் குழந்தைகளுக்கு எக்ஸ் குரோமோசோமில். இழைகளைக் குறைக்கும் மருந்து கிடையாது. நீர் பிரிக்கும் மருந்தும் இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்தும், தேவைப்பட்டால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் தருவார்கள். சில இதயங்கள் தேறுகின்றன. சிலவற்றுக்கு மாற்று இதயமே தேவைப்படுகிறது.

குழந்தையின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்ளட்டும். அதில் இழைகள் தெரிந்தாலே பதற வேண்டாம்: விளையாட்டு வீரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயில்லாமலே அவை மிகுந்து தெரிவதுண்டு.