சின்ன ரப்பர் டியூபுக்காக ஏன் மெஷினையே ரீகால் பண்றாங்க?

புல் வெட்டுற மெஷின், ஜெனரேட்டர், மரம் அறுக்கிற செயின்சா இதெல்லாம் தீப்பிடிக்கலாம்னு சொல்லி ரீகால் அறிவிப்பு, அதாவது வித்த பொருளைக் கம்பெனியே திரும்பக் கூப்பிடுற அறிவிப்பு, அடிக்கடி வருது, காரணம் என்னன்னு உள்ள போய் படிச்சா பல சமயம் பெட்ரோல் போற ஒரு ரப்பர் டியூபோ டேங்க் மூடியோதான் இருக்கும். இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு நினைச்சுடாதீங்க, விஷயம் பெருசு.

பெட்ரோல்ல எரியுறது திரவம் இல்ல, அதுலேருந்து கிளம்புற ஆவி. மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கிற அளவுக்கு ஆவி வரும், காத்துல 1.4 சதவீதம் கலந்தாலே போதும். அந்த ஆவி காத்தை விட 3, 4 மடங்கு கனம், அதனால மேல போகாம தரையோட தவழ்ந்து பள்ளத்துல தேங்கி நிக்கும். கார்ல டேங்க் ஒரு மூலை, இன்ஜின் இன்னொரு மூலை. இந்தச் சின்ன மெஷின்கள்ல டேங்க், ஸ்பார்க் பிளக், பல நூறு டிகிரி கொதிக்கிற சைலன்சர் மூணும் ஒரு முழத்துக்குள்ள அடங்கியிருக்கு, நடுவுல இருக்கிற பாதுகாப்பே அந்த டியூபும் மூடியும்தான்.

இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்துன்னா செகண்டுக்கு 50 தடவை அதிருது. டியூப் ஏதாவது தகடு ஓரத்துல உரசுற மாதிரி போட்டுட்டாங்கன்னா தேஞ்சு ஓட்டை விழ ரொம்ப நாள் ஆகாது, எத்தனால் கலந்த பெட்ரோல் வேற சில வகை ரப்பரை உப்ப வச்சு விரிசல் விட வச்சிடும். இன்னொரு பிரச்சனை டேங்க்ல காத்து போய் வர்ற வழி அடைச்சுக்கறது. 2024-ல ஜெனராக் கம்பெனி அமெரிக்காவுல சுமார் 64,000 ஜெனரேட்டரை ரீகால் பண்ணது இதுக்குத்தான், உள்ள அழுத்தம் ஏறி, மூடியைத் திறந்ததும் குலுக்கின சோடா மாதிரி பெட்ரோல் பீச்சி அடிக்கும்.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, மெஷினை ஆஃப் பண்ணின உடனேயும் ஆபத்து இருக்கு. ஓடும்போது இன்ஜினோட விசிறி காத்தடிச்சு ஆத்திக்கிட்டே இருக்கும், நிறுத்தினா அதுவும் நின்னுடும், சைலன்சர் சூடு அப்படியே பக்கத்துல இருக்கிற கார்புரேட்டர், டேங்க் பக்கம் பரவி ஆவி இன்னும் அதிகமாகும். அந்த நேரத்துலதான் நாம பெட்ரோல் ஊத்துவோம், இல்லன்னா ஷெட்டுக்குள்ள தள்ளி கதவைச் சாத்துவோம். ஆறவிடுங்க, தயவுசெஞ்சு.

பேட்டரி மெஷின்ல பெட்ரோல் இல்ல, ஆனா லித்தியம் செல் ஒண்ணுக்குள்ள ஷார்ட் ஆனா அந்தச் சூடு பக்கத்துல இருக்கிற செல்லையும் பத்த வைக்கும், அது அதுக்கடுத்ததை.

அமெரிக்காவுல இந்த மாதிரி ஆபத்தான குறை இருக்குன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாகணும்ங்கறது சட்டம். பெரும்பாலும் பார்ட்டை இலவசமா மாத்திக் கொடுப்பாங்க, அதுவரைக்கும், நல்லாத்தானே ஓடுதுன்னு மெஷினை எடுக்கக்கூடாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க இன்னும் கவனமா இருக்கணும், கம்பெனி கையில இருக்கிறது முதல்ல வாங்கினவரோட விலாசம்தான், உங்களுக்குக் கடிதம் வராது. மெஷின்ல ஒட்டியிருக்கிற மாடல் நம்பர், சீரியல் நம்பரை எடுத்துக்கிட்டு ரீகால் பட்டியல்ல நீங்களேதான் தேடிப் பாக்கணும்.